கரண்டியின் அடியில் இரண்டு எழுத்து

அன்புள்ள தேசம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? அம்மாவின் கால்வீக்கம் வடிந்ததா?

இங்கே லண்டன் கடையில் பழைய வெள்ளிச் சாமான் துலக்குகிறேன் அல்லவா, போன வாரம் மீன் பரிமாறும் கரண்டி ஒன்று வந்தது. அடியில் இரண்டு எழுத்து இருந்தது. பழவேற்காட்டில் பழைய பாத்திரம் வாங்கினால் முன்பு வைத்திருந்தவர் பேரை அழிப்போமே, அப்படி நினைத்துத் தேய்த்து எடுத்துவிட்டேன். அது இருநூறு வருஷத்துக்கு முன் அதைச் செய்தவனின் முத்திரையாம்; அது போனால் விலையும் போச்சாம். முதலாளி திட்டவில்லை; பொங்கல் லீவு மட்டும் கிடையாது என்றார். அடுத்த வருஷமும் ஊருக்கு வருவது சந்தேகந்தான்.

போனில் என்னைப் பார்த்து பாப்பா, "இன்னாம்மா, யாரு இது?"ன்னு கேட்டாளே. பேர் வெட்டிய என் தட்டிலேயே அவளுக்குச் சோறு போடு. "இது உங்க நைனா பேரு"ன்னு காட்டு. துலக்கும்போது மட்டும் மெதுவாகத் தேய், பேர் போய்விடும்.

கடை திறக்க நேரமாகிவிட்டது.

எல்லப்பன்