சாம்பலூரின் ரொட்டிச் சன்னல்

நவம்பர் 5, புதன்

நேற்றைய வாசிப்பு வட்டம் பற்றி எழுத வேண்டியவை:
1. சாம்பலூருக்கு நான் வரைந்த சீர்திருத்தம்.
2. அதற்குக் கிடைத்த சிரிப்பு.
3. குன்வோர் பாதியில் எழுந்து போனது. என் சீர்திருத்த மாதிரி அவருக்குப் புரியவில்லை.

ஒன்று. வட்டத்தில் ஒருவரான குன்வோர் தன் கதையில் கற்பனையாகக் கட்டிய ஊர் சாம்பலூர். அன்றன்று செய்த வேலைக்கு மதிப்பெண், மதிப்பெண்ணுக்கு ரொட்டி; மதிப்பெண் இல்லையென்றால் பட்டினி. அதைத் திருத்துவதுதான் எங்கள் ஆறு பேருக்கும் இந்தப் பருவத்துப் பாடம். ஒரு காலத்தில் பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் வட்டத்தை நடத்துவது நான். உழைத்த மணிகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் நேர வங்கியை முன்வைத்தேன். புதியதை முதலில் ஏற்பவர்கள், பின்தொடர்பவர்கள், கடைசிவரை ஏற்காதவர்கள் என்று வளைகோடும் போட்டேன். கடைசிப் பங்கினர் தாமாக உதிர்ந்துவிடுவார்கள் என்றேன்.

இரண்டு. "நரகத்துக்கு லிஃப்ட் போட்டுக் குடுத்துட்டீங்க, ஆல்கோட்!" என்றார் ரக்னார். கப்பல் எஞ்சினோடு நாற்பது வருஷம் கத்திப் பேசிய குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மூன்று. மேசையைச் சுற்றி ஆளுக்கு ஒரு முறைதான் பேசலாம். இது எங்கள் விதி. ஏற்கெனவே பேசிவிட்ட குன்வோர் மறுபடி கை தூக்கினார்.

"உதிர்ந்தவங்க எங்க போவாங்க?"

"உங்க முறை முடிஞ்சிடுச்சு, குன்வோர்" என்றேன்.

இலவங்கப்பட்டை பன்னைக் கடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 6

அவர் எழுதியதை மறுபடி படித்தேன். நான்காம் பக்கம். கை நடுங்கும் ஒரு கிழவியிடம் ரொட்டிச் சன்னல்காரி சொல்கிறாள்: "உங்க முறை முடிஞ்சிடுச்சு."

ஐயோ. அதே சொற்கள். பக்கத்தின் ஓரத்தில் என் பென்சில் குறிப்பு: 'மிகை.'

நவம்பர் 8

குன்வோரை அழைக்க மூன்று முறை தொலைபேசியை எடுத்தேன். வைத்தேன். எழுபத்தொன்பது வயதில் இது என்ன பயம்?

நவம்பர் 9, ஞாயிறு

முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டியது வாழ்நாளில் இதுவே முதல் தடவை. வாசலிலேயே குன்வோரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"உங்க மேல என்ன கோவம்? அந்தச் சன்னல்ல உக்காந்திருந்தது நான்தான், ஆல்கோட். உதவித்தொகை ஆபீஸ்ல இருபத்தாறு வருஷம். அதே வார்த்தை. போனவங்க எங்க போனாங்கன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

தொப்பியிலிருந்து மழைநீரை உதறியபடி நின்றேன்.

"ஷூவக் கழட்டிட்டு உள்ள வாங்க, சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கீங்க. இப்பவாவது சொல்லுங்க, எங்க போவாங்க?"

தெரியாது என்றேன். வகுப்பறையில் ஒருமுறைகூடச் சொல்லாத சொல்.

நவம்பர் 11, செவ்வாய்

வளைகோட்டின் கடைசி நுனியிலிருந்து தொடங்கினோம். முதலில் பேசியவர் குன்வோர். "என்ன, லிஃப்ட் ரிப்பேரா?" என்றார் ரக்னார். அவர் முறை அது இல்லை. நான் தடுக்கவில்லை. கிழவிக்கு எப்படி ரொட்டி போய்ச் சேரும் என்பதிலேயே இரண்டு மணி நேரம் போயிற்று. முடிவு வரவில்லை. குன்வோர் இரண்டு பன் சாப்பிட்டார்.

புதன்கிழமைப் பட்டியலின் மூன்றாவது குறிப்பு தவறு. மாதிரி அவருக்குப் புரிந்துதான் இருந்தது.