வாசலில் மறுத்த கிண்ணம்

அக்கா,

இன்று அப்பாவின் திவசம். வடைக்கு உளுந்து அரைத்து வைத்துவிட்டு, பக்கத்து அடுப்பில் உங்கள் பல்கைமாக் இனிப்பைக் கிண்டிக்கொண்டிருக்கிறேன். சூடான கிரீமில் தேன் விழுந்ததும் எழும்பிய மணத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

எழுபதுகள் பிறந்த புதிதில் நாங்கள் கடல் தாண்டி இந்தக் கிளேட்டனுக்கு வந்தபோது, உங்களுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சுவர்தான். கசாக் மண்ணில் பிறந்து, துருக்கியில் வாழ்ந்து, இங்கே வந்து சேர்ந்தவர் நீங்கள், நான் யாழ்ப்பாணத்துக்காரி. இரண்டு பேருடைய ஆங்கிலமும் நொண்டி நொண்டித்தான் நடக்கும். ஆனாலும் சனிக்கிழமையென்றால் உங்கள் குசினிக் கதிரையில் நான் இருப்பேன். கிரீமைச் சிறு நெருப்பில் வைத்து, அடிப்பிடிக்காமல் கிண்டி, சுண்டி வந்ததும் கொஞ்சம் மாவும் தேனும் சேர்ப்பீர்கள். "வெண்ணெய் தானாக மேலே வரட்டும்" என்பீர்கள். ஒருநாள் நான் ஏலக்காய்ப் பொடியோடு கிட்டப் போனதும் கரண்டியாலேயே என்னைத் துரத்தினீர்களே!

அப்பா இறந்த தந்தி வந்தபோது எனக்கு ஊருக்குப் போக வழியில்லை. நான் அழுதது சுவர் வழியே உங்களுக்குக் கேட்டிருக்கும். தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்ற காலோடு, அன்று மாலையே இதைக் கிண்டி, மூடிய கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தீர்கள்.

"உன் அப்பாவுக்காக. கொஞ்சம் வாயில் வை. அவர் பெயரைச் சொல், நான் பிரார்த்திக்கிறேன்."

உள்ளேயிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். "துடக்கு வீட்டுக்கை இனிப்பு எடுக்கிறேல்லை. சொல்லி அனுப்பும்."

அவர்மேல் பழி போடமாட்டேன். நானும் அதைத்தான் நினைத்தேன். "செத்த வீட்டில் இனிப்புச் சாப்பிடும் வழக்கம் எங்களிடம் இல்லை, அக்கா" என்றேன். கிண்ணத்தைத் தொடக்கூட இல்லை. உங்கள் முகம் சுருங்கிப்போனது. "சரி, சரி" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுத் திரும்பிப் போனீர்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு பழையபடி கதைத்தோம், சிரித்தோம். இந்த இனிப்பை மட்டும் நீங்கள் எனக்கு மறுபடி தரவேயில்லை. இறந்தவருக்காகக் கொண்டுவந்ததை மறுத்தால் அந்த இறந்தவரையே வாசலோடு திருப்பி அனுப்பியது மாதிரி என்று உங்கள் மகள்தான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். அன்றைக்கே உங்களிடம் வந்து என் அறியாமையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தேன். போன மாதம் நீங்களே போய்விட்டீர்கள்.

அன்று உங்களுக்காக நானே இதைக் கிண்டினேன். கிண்ணத்தைப் பார்த்த என் கணவர், "செத்த வீட்டுக்கு இனிப்போ கொண்டு போறீர்?" என்றார்.

"ஓம்" என்றுவிட்டு நடந்தேன்.

உங்கள் மகள் வாசலிலேயே மூடியைத் திறந்தாள். விரல்நுனியில் தொட்டு வாயில் வைத்து, உங்கள் பெயரைச் சொன்னாள். எவ்வளவு சின்ன வேலை அது! பிறகு கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள்.

"அன்ரி, உங்கள் அப்பாவின் பெயர் என்ன? அம்மா இவ்வளவு காலமும் பெயர் தெரியாமலேதான் அவருக்காகப் பிரார்த்தித்து வந்தார்."

நானும் தொட்டு வாயில் வைத்தேன். நீங்கள் கேட்ட பெயரை, நீங்கள் இல்லாத வாசலில் நின்று சொன்னேன், அக்கா.