ஏழு பாட்டில்களின் பேர்

குன்னம்,
கார்த்திகை 14, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு மச்சினன் அறிவரசன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அக்கா, ஆர்த்தி, சுமதி, நான் எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். மீதியைக் கோபப்படாமல் படியுங்கள்.

கையில் போன் இருக்க இவன் என்னத்துக்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தான் என்று நினைப்பீர்கள். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசும். என் போனில் பேசினால், கட்டியவள் ஆயிற்றே, சுமதி பக்கத்திலேயே நிற்பாள். வாலிகண்டபுரம் பிரேம்குமார் வியாழக்கிழமை துபாய் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். படித்ததும் அக்காவுக்குப் போன் போட்டு எதையும் கேட்டுவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

வீட்டு வேலை முக்கால்வாசி முடிந்தது. பெயின்ட்காரன் இன்று வரேன் நாளை வரேன் என்று இழுக்கிறான். இந்த மழையில் மக்காச்சோளம் சாய்ந்துவிட்டது, வெங்காயம் தப்பித்தது. அக்காவுக்கு முழங்கால் வலி, பெரம்பலூருக்கு மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறது. ஆர்த்தி நன்றாகப் படிக்கிறாள். தைக்குள் பால் காய்ச்சிவிடலாம்.

நீங்கள் கேட்ட பார் அலமாரியை மாடிப்படிக்குக் கீழே அடித்து முடித்துவிட்டேன். கிளாஸைத் தலைகீழாகத் தொங்கவிடக் கம்பி, பின்னால் கண்ணாடி, உள்ளே சின்ன மஞ்சள் பல்பு. உங்கள் ஓட்டலில் இருப்பதுபோல் பித்தளைக் கீல் வெளியே தெரியவேண்டும் என்றீர்கள். அப்படியே வெளிப்பக்கம்தான் வைத்தேன். என் கையால் செய்த சாமான்களில் இதுதான் அழகு என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

சரக்கும் வந்து சேர்ந்தது. மூன்று பேர் கையில் இரண்டிரண்டு, பிரேம்குமார் கையில் ஒன்று, ஆக ஏழு. காபி, ஆரஞ்சு, நீலம், பச்சைப் புதினா, வெள்ளைத் தேங்காய், வாதுமை, பீச் பழம். பெரிய கம்பெனி பாட்டில் ஒன்று வாங்கும் காசில் இப்படி மூன்று வாங்கலாம், ருசி கலக்குகிற கையில்தான் இருக்கிறது என்று நீங்கள் போனில் சொன்னதை அக்கா ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அலமாரி முடியும்வரை பழைய சேலையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தது. எதிர்வீட்டு வீராயி பெரியம்மா பச்சை பாட்டிலைப் பார்த்துவிட்டு, துபாய்த் தைலமாடி, தலைக்கு ஒரு மூடி குடு என்று இரண்டு நாளாக விடவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஒன்று சொல்ல வேண்டும். காபி பாட்டில் மட்டும் வழியில் கசிந்திருக்கும் போலிருக்கிறது. மலிவுச் சரக்குக்கு மூடியும் மலிவுதானே. அதை யாருக்கும் ஊற்றவேண்டாம்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்து டீ குடித்துவிட்டு வந்தேன். உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஆறு நாளாக இப்படித்தான். பொய்யை எழுதி அனுப்புவதற்கு எதற்குக் கடிதம்? பாட்டில் கசியவில்லை மாமா. அதைக் கொண்டுவந்த பிரேம்குமாரை ஒன்றும் சொல்லாதீர்கள்.

ஆர்த்தியின் மஞ்சள் நீராட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாய்மாமன் சீர் தட்டோடு பந்தலுக்குள் நுழைந்தவன், போட்டிருந்த போதையில் மணைக்கு முன்னால் குப்புற விழுந்தேன். வளையல் அத்தனையும் நொறுங்கிவிட்டது. அந்தப் பிள்ளை மாலையோடு உட்கார்ந்து அழுதது. வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையே சுமதி என்னைக் கருப்பு கோயிலுக்கு இழுத்துப்போய்க் கயிறு கட்டவைத்தாள். பூசாரி, "நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லுப்பா. பேரு சொன்னதத்தான் கருப்பு கணக்குல வைக்கும்" என்றார். சாராயம், பிராந்தி, விஸ்கி, ரம், பீர், கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆர்த்தி கல்யாணம் முடிகிறவரை தொடமாட்டேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். பதின்மூன்று மாதம் மாமா, ஒரு சொட்டு தொடவில்லை. அரியலூரில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சாமியார் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

போன புதன்கிழமை மத்தியானம் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. பல்புக்கு ஒயர் இழுக்க நான் மட்டும் வீட்டில். அலமாரி பூட்டியிருந்தது, சாவி அக்காவின் இடுப்பில். கண்ணாடிக்குள் ஏழும் வரிசையாக நின்றன. பூசாரி சொன்ன பட்டியலில் இதில் ஒன்றின் பேர்கூட இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது. இது காபிதானே, இனிப்புதானே, பொம்பளைகளும் குடிப்பார்கள் என்று மாமாவே சொன்னாரே, கருப்புக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது என்று வக்கீல் மாதிரி எனக்கு நானே வாதாடினேன். வாதம் முடிவதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. பூட்டைத் தொடவே இல்லை. வெளியே தெரிந்த கீலில் எட்டுத் திருகாணியையும் கழற்றிக் கதவையே சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். பூட்டு போட்டவனுக்கு எந்தப் பூட்டு நிற்கும்?

மூன்று மூடி குடித்தேன். இருமல் மருந்து மாதிரி இனிப்பு. அது இறங்கியபோது எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. அதுதான் மாமா பயமாக இருக்கிறது.

அப்புறம் செய்ததைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். அடுப்பில் டிகாக்‌ஷன் போட்டு, சர்க்கரை கலந்து, ஆறவைத்து, பழைய அளவுக்கு ஊற்றி நிரப்பினேன். அறுந்த மூடி வளையத்தைப் பசை வைத்து ஒட்டினேன். கதவை மாட்டி, அக்கா வந்ததும் நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டேன். கயிறு கையில் அப்படியே இருக்கிறது. சுமதி தினமும் சாமி கும்பிட்டுவிட்டு அந்தக் கயிற்றில் குங்குமம் வைக்கிறாள். கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

உங்கள் ஆசையில் தப்பில்லை. பன்னிரண்டு வருஷம் ஊரான் வீட்டு ஆட்களுக்கு நின்றுகொண்டே ஊற்றிக் கொடுத்தவர், சொந்த வீட்டில் ஒரு நாள் சொந்த ஜனத்துக்கு ஊற்றவேண்டும் என்று நினைக்கக் கூடாதா? அலமாரியை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எடுத்தாலும் டாஸ்மாக் கடை எங்கே போய்விடப் போகிறது. நீங்கள் ஊற்றுகிற அன்றைக்குச் சாயங்காலம் ஓடி ஒளியவும் மாட்டேன், தாய்மாமன் இல்லாமல் என்ன பால் காய்ச்சுவது? எலுமிச்சையும் சோடாவும் புதினாவும் போட்டுக் குழந்தைகளுக்கு ஒன்று கலப்பீர்களே, அதில் ஒரு கிளாஸை உங்கள் கையால் எல்லோருக்கும் முன்னால் முதலில் எனக்குக் கொடுங்கள். அதற்குமேல் எவனும் என்னை வற்புறுத்தமாட்டான்.

இன்று சாயங்காலம் சுமதியிடம் சொல்லிவிடுகிறேன். நாளை என்று எழுத வந்து அடித்துவிட்டு இன்று என்று எழுதியிருக்கிறேன், மைக்கறையைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை அவளோடு போய்க் கயிற்றை மறுபடி கட்டிக்கொள்ளப் போகிறேன். பூசாரி தன் பட்டியலைச் சொல்லி முடித்ததும், இந்த ஏழையும் நானே சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனால் பாட்டில் மேல் இருக்கிற பேர் எனக்கு வாசிக்க வரவில்லை. இங்கிலீஷ் எழுத்துதான், கூட்டிப் படித்தால் வாயில் நிற்கமாட்டேன் என்கிறது. நீலப் பாட்டில், பச்சைப் பாட்டில் என்று சொன்னால் மறுபடி ஒரு சந்து கண்டுபிடித்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

அதனால் வியாழக்கிழமை ராத்திரி இது கைக்குக் கிடைத்ததும், ஏழின் பேரையும் தமிழில் எழுதி என் போனுக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் ஓட்டலில் வேறு என்னென்ன இருக்கிறதோ, இன்னும் எங்கள் ஊருக்கு வராதது எதுவோ, அதையும் சேர்த்து எழுதுங்கள். பட்டியல் நீண்டாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொள்கிறேன். ஒரு பேரும் விட்டுப்போகக் கூடாது மாமா.

இப்படிக்கு,
ஆர்த்தியின் தாய்மாமன்
அறிவரசன்