மொட்டைக்கு முந்தைய படம்

தை 12, புதன்.

இன்று மாமியார் குமரகோட்டத்து முருகன் கோயிலில் குழந்தைக்கு மொட்டை போட்டுவிட்டார். அடுத்த வாரம் ஸைகோன் கப்பல். பாஸ்போர்ட்டுப் படத்தில் என் மடியிலிருக்கும் குழந்தைக்கு நெற்றியை மறைக்கும் சுருட்டை முடி. புதுச் சட்டம் வந்ததிலிருந்து படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுத்தான் கரையில் இறக்குகிறார்களாம். பொருந்தாவிட்டால் வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்புகிறார்களாம். அங்கே வேலையிலிருக்கும் என் வீட்டுக்காரர் எழுதியிருந்தார். மாமியாரிடம் சொன்னேன்.

"வேண்டுதலை வச்சிக்கினு யார்னா கடல் தாண்டுவாங்களாமா? அந்தத் தொரைக்குப் புள்ளகுட்டியே இல்லியா, மொட்டத் தலைய பாத்தா அடையாளம் தெரியாம பூட?"

முருகனுக்குச் சேர வேண்டிய முடியில் ஒரு சுருளை மாமியாருக்குத் தெரியாமல் எடுத்துவந்து பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருக்கிறேன். அதிகாரி கேட்டால் காட்டுவேன். முருகன் கேட்டால் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.