வண்டியின் பின்னால் எழுதியிருந்தது

பிப்ரவரி 5, புதன்

அன்புள்ள வாத்திக்கு,

ஸ்டெப்னி எழுதுகிறேன். நானேதான், வேறு யாரும் இல்லை. முதலில் இந்த எழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. சில எழுத்து பூசணி அளவுக்கும் சில எழுத்து கொசு அளவுக்கும் இருக்கும். கோடு போட்ட தாள்தான், ஆனால் என் கை கோட்டை மதிப்பதில்லை. இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த கைக்குப் பேனா ஒரு துரும்பு. பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. இவ்வளவு எழுதி முடிக்க இரண்டு டீ ஆகிவிட்டது.

நீ மகள் வீட்டுக்குப் போன இந்த மூன்று வருஷத்தில் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் இது. சலவைக்கூடத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடை அம்மா மத்தியானம் மூன்று மணிக்கு வகுப்பு நடத்துகிறார். ஆஸ்பத்திரித் துணியை இறக்கிவிட்டு நேராக அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். வகுப்பில் மூத்தவன் நான். அறுபத்தெட்டு வயதில் முதல் பெஞ்சு!

எழுத்து தெரிந்ததும் ஊமையாக இருந்ததெல்லாம் பேசுகிறது வாத்தி. சுவர் பேசுகிறது, சோப்புப் பெட்டி பேசுகிறது. நம் வண்டியின் பின்கதவில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'ஒலி எழுப்பவும்'! நீ 'நன்றி, மீண்டும் வருக' என்றல்லவா சொன்னாய்? அதை நம்பி, பின்னால் ஹார்ன் அடித்தவனை எல்லாம் பதினெட்டு வருஷமாகத் திட்டியிருக்கிறேன். ஒரு தடவை இறங்கியே போய், "நான் நன்றி சொல்றேன், நீ ஹார்னா அடிக்கிற?" என்று சண்டை போட்டேன். அந்த ஆள் பின்கதவைக் காட்டிக் காட்டிக் கத்தினான். பைத்தியம் என்று நினைத்துவிட்டேன். நீ வேறு ஏதோ வண்டியைப் பார்த்துப் படித்திருப்பாய், போ.

இனி விஷயம். ஜூன் முதல் தேதியிலிருந்து நம் டீசல் வண்டியை ஆஸ்பத்திரிக்குள் விடமாட்டார்களாம். பிரசவ வார்டு தலைமை நர்ஸ் ஒரு வெள்ளை விரிப்பை விரித்துக் காட்டினார். மடிப்பில் கரி, விரலால் இழுத்த மாதிரி. சலவைக்கூட மேஸ்திரி பக்கத்தில் நின்றுகொண்டு, "தொவைச்சது நாங்க, அழுக்காக்கினது உன் வண்டி" என்கிறார். வண்டியில் கேஸ் போடலாம், பேட்டரி போடலாம், இல்லாவிட்டால் ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சுத்தம் செய்து ஊற்றலாம் என்கிறார்கள். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சொல்கிற ஒவ்வொருவரிடமும் விற்பதற்கு ஏதோ இருக்கிறது. நான் ஒருத்தரையும் நம்புவதாக இல்லை. வண்டியில் பாதி உன்னுடையது. உன் கையெழுத்து இல்லாமல் எதையும் மாற்ற முடியாது. நீ படித்தவன், நீ சொல்.

உன்
ஸ்டெப்னி


பிப்ரவரி 14

அன்புள்ள ஸ்டெப்னிக்கு,

உன் கடிதம் வந்தது. நீயா எழுதினாய்? வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். பின்கதவு விஷயம் எனக்கு நினைவில்லை. பழைய வண்டியில் அப்படி இருந்திருக்கும். அதை விடு.

பேட்டரி போடு. யோசிக்கவே வேண்டாம். புகை இல்லை, சத்தம் இல்லை, ஆயில் மாற்றும் வேலை இல்லை. இனிமேல் ஆஸ்பத்திரிகளில் பேட்டரி வண்டியை மட்டும்தான் விடுவார்களாம். கேஸ் பக்கமே போகாதே, சிலிண்டர் வெடிக்கும். நம் மாதிரி வண்டிக்குக் கேஸ் கூடாது என்று அன்றைக்கே போக்குவரத்து ஆபீஸிலிருந்து தாள் வந்தது. நான்தானே உனக்குப் படித்துச் சொன்னேன், மறந்துவிட்டதா? பேட்டரிக்கான தாளை அனுப்பு, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

என் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி இறங்குவதில்லை. நீ ரொம்பப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

வாத்தி


பிப்ரவரி 26, புதன்

அன்புள்ள வாத்திக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் படித்தேன். என் வேகம் அவ்வளவுதான். உன் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. மருந்துக்கடை அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். "பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தவரா?" என்று கேட்டார். ஆனால் வண்டிப் பத்திரத்தில் நீ போட்ட கையெழுத்தையும் எடுத்துப் பார்த்தேன். மணலில் நண்டு நடந்த மாதிரி இருக்கிறது. இரண்டும் நீதானா?

கோபித்துக்கொள்ளாதே, நீ சொன்னதைச் சரிபார்க்கக் கிளம்பிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசல் போர்டின் முன்னால் இருபது நிமிஷம் நின்றேன். வாட்ச்மேனுக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "யாரைத் தேடுறீங்க பெரியவரே?" என்றார். "பேட்டரியைத் தேடுறேன்" என்றேன். போர்டில் 'டீசல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை' என்றுதான் இருக்கிறது. பேட்டரி என்ற சொல்லே இல்லை. உனக்கு யார் சொன்னது?

பேட்டரி மாட்டிய வண்டியை ஓட்டியும் பார்த்தேன். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. எனக்கே ஆசை வந்தது. ஆசை வந்ததும் சந்தேகமும் வந்தது. "கரன்ட் எங்கேருந்துப்பா வருது?" என்று கடைக்காரரைக் கேட்டேன். "பிளக்குலேருந்து" என்றார். என் தங்கை வீடு மின்நிலையத்துக்குப் பின்னால் இருப்பது உனக்குத் தெரியும். நிலக்கரிச் சாம்பல் விழும் என்று அவள் வெள்ளைத் துணியை வெளியில் காயப்போடுவதே இல்லை. அவளிடம் பேட்டரி என்றேன். "உன் வண்டிப் புகையைக் கொண்டாந்து என் வீட்டுக் கொடியில காயப்போடப் போறியாண்ணே?" என்று கேட்டாள். எட்டு வருஷத்தில் பேட்டரி சோர்ந்துவிடுமாம். புதிது வாங்க நம் வண்டியையே விற்றாலும் போதாது. பழைய பேட்டரியை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள் என்று கேட்டேன். கடைக்காரர் போனை எடுத்துக் காதில் வைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். மணியே அடிக்கவில்லை.

ஓட்டல் எண்ணெய் விவகாரத்தையும் பார்த்தேன். வீணாய்ச் சாக்கடையில் போவதை ஊற்றி ஓட்டுவது நல்லதுதான். ஆனால் கேட்கிற அளவுக்குக் கிடைப்பதில்லை. கிடைக்காத நாளில் புது எண்ணெயையே கலந்து தருகிறான், என் கண்ணால் பார்த்தேன். அப்படி வண்டிக்கு ஊற்றுவதற்கென்றே சில இடங்களில் காட்டை வெட்டிவிட்டு எண்ணெய் மரம் நடுகிறார்களாம். பேப்பரில் எழுத்துக் கூட்டி நானே படித்தேன். அதோடு வண்டி போகிற வழியெல்லாம் சமையல்கட்டு வாசனை. ஆபரேஷனுக்குப் பட்டினி கிடப்பவர்கள் என்னை அடிக்க வருவார்கள்.

கடைசியாகக் கேஸ். புகை அடியோடு போகவில்லை, ஆனால் ரொம்பக் குறைவு. கரி இல்லை. ஓட்டும் செலவும் டீசலைவிடக் குறைவு. சிலிண்டர் இடத்தைத் தின்னும். நாற்பது மூட்டை ஏற்றும் இடத்தில் முப்பத்திரண்டுதான் ஏற்றலாம். நிரப்புவதற்கு ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டும். அந்த வரிசையில் யார் நின்றது தெரியுமா? நம் வண்டி மாதிரியே அஞ்சாறு வண்டி! ஒன்றும் வெடிக்கவில்லை. நம் மாதிரி வண்டிக்குக் கூடாது என்றால் அவை எப்படி அங்கே நிற்கின்றன வாத்தி?

உன்
ஸ்டெப்னி


மார்ச் 8

ஸ்டெப்னிக்கு,

நாலு எழுத்து கற்றதும் என்னையே சோதிக்க ஆரம்பித்துவிட்டாயா? வயதானால் நிதானம் வரும், எழுத்தும் திருந்தும். இங்கே பேனாவும் நல்ல பேனா.

பழைய தாள்களை ஏன் கிளறுகிறாய்? பூச்சி அரித்துக் கிடக்கும். எல்லாவற்றையும் எரித்துவிடு. பேட்டரி தாளை அனுப்பு. கேஸ் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன்.

வாத்தி


மார்ச் 19, புதன்

வாத்திக்கு,

எரிக்கவில்லை. நீ எரிக்கச் சொன்னதால்தான் தேடவே தோன்றியது. சீட்டுக்கு அடியில் ஸ்பானர் பெட்டி, அதற்குள் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்த அதே தாள். நான்கு மத்தியானம் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு எழுத்தையும் மருந்துக்கடை அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

'தங்கள் வாகனம் எரிவாயுவுக்கு மாற்றத் தகுதியானது. மாற்றும் செலவில் பாதியை இந்த அலுவலகம் ஏற்கும். ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கவும்.'

கீழே வட்டமாக ஒரு சிவப்பு முத்திரை.

அன்றைக்கு டீக்கடையில் இதே தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நீ என்ன படித்தாய்? "கூடாதுன்னு போட்டிருக்குடா. மீறினா வண்டி பறிமுதலாம்." பறிமுதல் என்ற சொல் இந்தத் தாளில் எங்கே இருக்கிறது? தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

டீசல் பங்க் மேனேஜர் உனக்கு மட்டும் தினமும் டீ வாங்கிக் கொடுப்பார். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. பதினோரு வருஷம் பச்சைக் குழந்தைகளின் துணியில் கரியைத் தூவிக்கொண்டு போய் வந்தோம். அந்தத் துணியைத் தூக்கியது என் தோள். எதற்காக அப்படிப் படித்தாய்? இவனுக்குத்தான் ஒன்றும் தெரியாதே என்றுதானே?

இன்னொன்றும் கேட்கிறேன். வயதானால் எழுத்து திருந்துமா? எனக்கு நாளுக்கு நாள் நடுங்குகிறது. நான் ஒவ்வொரு எழுத்தையும் படம் மாதிரி பார்த்துப் பார்த்துக் கற்றவன், என்னை ஏமாற்ற முடியாது. இந்தக் கடிதங்கள் உன் கை இல்லை. அங்கே யார் உட்கார்ந்துகொண்டு எனக்கு பேட்டரி விற்கிறார்கள்?

ஸ்டெப்னி


மார்ச் 30

ஸ்டெப்னி,

இதை எழுதுவது என் மகள். முதல் இரண்டையும் அவள்தான் எழுதினாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். எதையும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

சலவைக்கூடத்தில் நாம் சேர்ந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? "யாருக்குப் படிக்கத் தெரியும்? அவன் வண்டியில ஏறி வார்டைப் படிச்சுச் சொல்லு, மத்தவன் வண்டி ஓட்டு, மூட்டை தூக்கு" என்றார் பழைய முதலாளி. நான் கையைத் தூக்கிவிட்டேன். மூட்டைகளுக்குக் கலர் கலராகச் சீட்டு கட்டியிருந்தார்கள். சிவப்பு ஆபரேஷனுக்கு, மஞ்சள் பிரசவத்துக்கு. எழுத்தே தேவைப்படவில்லை. அடுத்த வாரமே நீ என்னை வாத்தி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாய். பேர் வைத்தது நீ. அந்தப் பேரைக் காப்பாற்றத்தான் இவ்வளவும். டீக்கடையில் நான் பேப்பர் படிப்பேனே, அது காலையில் ரேடியோவில் கேட்டது. பின்கதவில் என்னடா எழுதியிருக்கிறது என்று கேட்டாய். கடை வாசலில் எழுதுவதைத்தான் இங்கேயும் எழுதியிருப்பான் என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தாளில் சிவப்பு முத்திரை இருந்தது. சிவப்பு என்றால் நிறுத்து என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். கூடாது என்று சொல்லிவிட்டேன். பங்க் மேனேஜர் ஒன்றும் கொடுக்கவில்லை. ரேடியோ செய்தியைச் சொன்னதற்குத்தான் அந்த டீ.

பேட்டரியை நான் சொன்னதும் அப்படித்தான். கீழ்வீட்டில் பேட்டரிக் கடைக்காரர் இருக்கிறார். சாயங்காலமானால் மாடிக்கு வந்து பேசுவார். காதில் விழுவதுதானே எனக்குத் தெரிந்தது? கேஸ் தாளில் கையெழுத்துப் போட்டால் நீ பழைய தாளைத் தேடுவாய் என்று பயந்தேன்.

அந்தக் குழந்தைத் துணியைப் பற்றி நீ எழுதியதை இவள் படித்துக் காட்டினாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். நீ எந்தத் தாளை அனுப்பினாலும் போட்டுவிடுகிறேன். எனக்கு இனி எழுதவேண்டாம் என்று தோன்றினால் அதுவும் நியாயம்தான்.

வாத்தி என்று போட வேண்டாம் என்கிறார் அப்பா. வேறு என்ன போடுவது என்று தெரியவில்லை பெரியப்பா. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. - மகள்


ஏப்ரல் 9, புதன்

அன்புள்ள வாத்திக்கு,

ஒன்றரை நாள் கோபமாக இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. நான் உன்னை நம்பினேன், நீ ரேடியோவை நம்பினாய்! இரண்டு பேரும் ஒன்றும் தெரியாமல் எத்தனை ஆயிரம் மூட்டையைச் சரியான வார்டில் இறக்கியிருக்கிறோம்! ஆனால் எனக்கு எழுத்துத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும், நிம்மதியாகத் தூங்கினேன். நீ இத்தனை வருஷம் எப்படித் தூங்கினாய்?

கரியை மறக்கவில்லை. அது உன் கணக்கில் பாதி, கேட்காமல் நம்பிய என் கணக்கில் பாதி.

கேஸ்தான் என்று முடிவு செய்துவிட்டேன். முழுச் சுத்தம் இல்லை, தெரியும். அதுவும் பூமிக்கு அடியிலிருந்து எடுப்பதுதான். பாதிச் செலவைத் தருகிற காலமும் போய்விட்டது. ஆனாலும் இந்தக் கிழட்டு வண்டிக்கு அவ்வளவு பெரிய பேட்டரி தாங்காது. தங்கை வீட்டுப் பக்கம் வெயிலில் கரன்ட் எடுக்கப்போகிறார்களாம். அவள் வெள்ளைத் துணியைக் கொடியில் போடும் நாளில் அடுத்த வண்டியைப் பற்றிப் பேசுவோம். அதுவரை பேட்டரிக் கடைக்காரர் மாடிக்கு வந்தால் தூங்குவது போல நடி.

கேஸ் தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஆறே வரி. மே பத்தாம் தேதிக்குள் போதும் என்று பட்டறையில் கேட்டு வைத்துவிட்டேன். அதாவது நான்கு வாரம். நீயே படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மகள் படித்துக் காட்டிப் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். எனக்கு எல்லோர்மேலும் சந்தேகம், உன்மேல் ரொம்ப. மருந்துக்கடை அம்மா கொடுத்த எழுத்து அட்டையும் உள்ளே இருக்கிறது. மகளிடம் தினமும் மூன்று எழுத்துக் கேள். வெட்கப்படாதே, என்னைவிட இரண்டு வயது சின்னவன் நீ.

பட்டறையில் வண்டிக்குப் பெயின்டும் அடிக்கிறார்கள். பின்கதவில் என்ன எழுதுவது என்று பெயின்டர் கேட்டார். வாத்தி படித்ததையே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். இனி யாராவது ஹார்ன் அடித்தால் தைரியமாகச் சண்டை போடலாம். ஜூன் முதல் தேதி வண்டி உள்ளே போகும்போது நீ வந்து பின்னால் நின்று அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். மாடிப்படி இறங்குவதற்கு இன்றைக்கே பழகிக்கொள்.

மகளே, கீழே இருக்கும் பெரிய எழுத்தை மட்டும் நீ படித்துக் காட்டாதே. அவனே கண்டுபிடிக்கட்டும், எத்தனை நாள் ஆனாலும்.

நன்றி, மீண்டும் வருக.

அது என்ன என்று வாத்தி தன் கையால் எழுதி அனுப்பட்டும். வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த புதன்கிழமை அடுத்த பாடத்தோடு நான் எழுதுவேன். நண்டு நடந்த மாதிரி இருந்தால் போதும் வாத்தி. அழகாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன்
ஸ்டெப்னி