பெர்லினில் கேட்ட ஒப்பாரி

தங்கச்சிக்கு,

உன் கணவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்ததாம். வாழ்த்துவேன் என்று நினைக்காதே.

கிரேக்கத் தகப்பனுக்கும் ஜெர்மன் தாய்க்கும் பிறந்த இசை ஆராய்ச்சியாளர், தகப்பனின் தீவில் பெண்கள் பாடும் ஒப்பாரியைப் படித்தவர் என்று சொல்லித்தான் அவரை முள்ளிவாய்க்காலுக்குக் கூட்டி வந்தாய். கடைசிப் போரில் நாங்கள் இழந்த வின்சன் அண்ணாவைச் சொல்லி அம்மா அழுததை அவர் பதிவு செய்தார். "படிப்புக்கு மட்டுந்தான் அம்மா, வெளியில விடமாட்டார்" என்று அவருக்காகச் சொன்னது நீ.

போன மாதம் பெர்லினில் ஒரு மண்டபத்தில் அதை ஒலிக்கவிட்டிருக்கிறார். சனம் எழுந்து நிற்கும் வீடியோவைப் பெருமையாக நீயே அனுப்பினாய். பார்த்துவிட்டு அம்மா என்னிடம் கேட்டா:

"நான் என்ர பிள்ளையக் கூப்பிட்டெல்லோ அழுதனான். உவை ஏன் கை தட்டினவை?"

இந்த மே மாதம் கடற்கரையில் விளக்கேற்றியபோது மற்றத் தாய்மார் எல்லாரும் வாய்விட்டு அழுதார்கள். பக்கத்தில் யாரோ கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றா.

அடுத்த புத்தகத்துக்காக அவர் மறுபடி வரப்போவதாக எழுதியிருக்கிறாய். அவர் இந்த வீட்டு வாசல் படலையைத் தாண்டக் கூடாது. நீ தனியே வருவதென்றால் வா. ஆனால் அம்மா உன்னைக் கட்டிப்பிடித்து அழுவா என்று எதிர்பார்க்காதே. அவா இப்போது யார் முன்னாலும் அழுவதில்லை.

அக்கா