குங்குமம் வைத்த தகடுகள்

மைசூரு,
நவம்பர் 2.

அன்புள்ள லாய்ட்,

உனக்கும் ஜேனுக்கும் அவள் வயிற்றிலிருக்கும் குட்டிக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும். இங்கே நாங்கள் நலம், அப்பாவின் முட்டிவலி மட்டும் போகவில்லை, மண்டி மொஹல்லா டாக்டர் தினமும் நடக்கச் சொன்னாராம், இவர் ஆட்டோ பிடித்து வீடு வந்தார். ஜேனை இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடச் சொல். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

டயாலிசிஸ் இயந்திரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்க்காக எங்கள் ஹெப்பாள் கம்பெனி புது எஃகு செய்கிறது, தெரியுமே. பாத்திரம் கழுவும் தொட்டியில் விரல் வைத்தால் வழவழவென்று வருமே, அதுபோலக் கிருமிகள் கூடிக் கட்டும் படலம் உலோகத்தில் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் முப்பத்தொரு வருஷமாக என் வேலை. இருபத்திநாலு தகடுகளைத் தண்ணீர் ஓடும் குழாய்க்குள் தொங்கவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிலதை எடுத்து அளந்து, பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பதினோராவது மாதம் ஆயுத பூஜை வந்தது. வழக்கம்போல எல்லாவற்றையும் கழுவிப் பூஜைக்கு வையுங்கள் என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். திரும்பிப் போனால், கூட்டித் துடைக்கும் பசம்மாவும் பிளம்பர் விஜய்குமாரும் குழாயைத் திறந்து, தகடுகளைப் புளி போட்டு நாரால் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்து மாட்டியிருக்கிறார்கள். எத்தனை அழுக்கு மேடம், ஒரு வருஷமா யாரும் கைகூட வைக்கல போல என்று பசம்மா என்னிடமே குறைபட்டாள். பதினோரு மாதம் வளர்ந்த படலம் மொத்தமும் புளித்தண்ணீரோடு போயிற்று.

மேனேஜர் பசவராஜ், ஒன்பது மாதம்வரை அளந்தது இருக்கிறதே, அதை வைத்துப் பன்னிரண்டாம் மாதத்துக்கும் ஒரு நம்பர் போட்டுக் கையெழுத்திடுங்கள், மார்ச்சில் நிம்மதியாக ரிட்டயர் ஆகுங்கள் என்றார். மாட்டேன் என்றேன். அப்படியானால் பசம்மாவை வேலையிலிருந்து எடுக்க வேண்டிவரும் என்றார். கழுவச் சொன்னது நான், தப்பு என்னுடையது என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். மேலே வரைக்கும் போய்ச் சண்டை போட்டு, அடுத்த அக்டோபர் வரை இருக்க அனுமதி வாங்கிவிட்டேன், புதுத் தகடுகளை என் கையாலேயே மாட்டியும் ஆயிற்று. என் அறையைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டோர் ரூமில் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். இருக்கட்டும், எனக்கு மேசை போதும்.

இதைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? அந்த நம்பரைப் போட்டுட்டு வாம்மா, யாருக்குத் தெரியப்போகுது என்றாய். அன்று பேச்சு பாதியில் நின்றது சிக்னல் போய் இல்லை, நான்தான் போனை வைத்தேன். பசவராஜ் சொன்னபோது கோபம் வந்தது, நீ சொன்னபோது வெட்கமாக இருந்தது. அந்தத் தண்ணீர் யார் உடம்புக்குப் போகிறதோ அந்த நோயாளிக்குத் தெரியும்டா, குளிர்காய்ச்சலில் நடுங்கும்போது. பேரப்பிள்ளையைத் தூக்க எனக்கு ஆசை இல்லையா? நினைத்தாலே கண் கலங்குகிறது. ஆனால் பொய்க் கையெழுத்துப் போட்ட கையால் தூக்க மாட்டேன்.

பிரசவத்துக்கு அங்கே வர எடுத்த மார்ச் டிக்கெட்டில் என்னுடையதை மட்டும் ரத்து செய்துவிடு, மறக்காதே. அப்பா தனியாக வருவார், காபியில் சர்க்கரை கேட்டால் கொடுக்காதே. ஆண்டவர் உங்களைக் காப்பார், என் ஜெபம் எப்போதும் உண்டு. அக்டோபரில் தகடுகளை எடுத்து அளந்து, என்ன வருகிறதோ அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன். அதற்குள் பிள்ளைக்கு ஏழு மாதம் ஆகியிருக்கும், என்னைப் பார்த்தால் புது ஆள் என்று அழும். அழட்டும்.

உன் அம்மா,
ஈவ்லின்